ஜன்னலைத் திறக்கச் சொன்னவர்

ஊரில் எல்லோரும் அவரைச் 'சில்லு' என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி வெட்டுகிறவர். செருப்பு அடியிலோ சட்டை மடிப்பிலோ எப்போதும் ஒரு துணுக்கு மின்னிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. தன் கையால் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை என்பது அவர் தனக்குள் வைத்திருந்த ஒரே பெருமை. ஊரார் உடைத்ததைச் சரி பண்ணுகிறவனுக்கு உடைந்த துண்டின் பெயரையே வைத்துவிட்டார்களே என்று அடுத்த கடை ரொட்டிக்காரரிடம் அங்கலாய்ப்பார்.

"உனக்காவது சில்லு. என்னை மாவுங்கிறானுங்க. என் பொண்டாட்டிகூட 'மாவு, சாப்பிட வாங்க'ன்னுதான் கூப்பிடுறா. நான் யாருகிட்ட போய் அழறது?" என்பார் ரொட்டிக்காரர்.

இரண்டு பேருக்கும் கடையும் பக்கத்துப் பக்கத்தில், வீடும் பக்கத்துப் பக்கத்தில். சில்லுவின் கடை ஒடுக்கமான ஒற்றை அறை. சுவரோரம் மரச் சட்டங்களில் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். நடுவில் பழைய கம்பளி விரித்த மேசை. கண்ணாடி வெட்டும் சிறு சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, அளவுக்கோலை ஒட்டி ஒரே இழுப்பில் கோடு போடுவார். பிறகு அடியில் இரண்டு தட்டு. தகடு மறுபேச்சுப் பேசாமல் இரண்டாகப் பிரியும். "வெட்டறதெல்லாம் இல்லைங்க. ஒரு கோடு போட்டு சம்மதமான்னு கேக்கறோம். அதுவா பிரிஞ்சு குடுக்குது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

கல்யாணமானபோது தன் படுக்கையறைக்கு ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். குறுக்குச் சட்டம் இல்லாமல் ஒரே தகடு. அந்த அகலத்தில் ஊரில் வேறு எந்த வீட்டிலும் ஜன்னல் கிடையாது. ஊர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் திசையைப் பார்த்து அது இருந்தது. மனைவி அதைக் குறை சொல்வதுபோலப் பெருமை பேசுவாள். "எல்லாரும் பொண்டாட்டிக்கு நகை வாங்கித் தர்றாங்க. இவரு எனக்கு வெளிச்சம் வாங்கித் தந்திருக்காரு. கழுத்துல போட்டுக்க முடியுமா, பெட்டியில பூட்டி வைக்க முடியுமா?"

அந்த வெட்டவெளியின் கோடியில் ஒரு வேலி இருந்தது. வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ராணுவ வண்டிகள் போகும், வரும். கேட்டால் சோதனை என்பார்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்று கேட்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

முதல் தடவை அது நடந்தபோது காலை நேரம். சூரியன் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் எழுந்தது. மக்கள் ஜன்னலோரம் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. வெளிச்சம் முதலில் வந்துவிட்டது. சத்தம் சாவகாசமாக வந்தது. அது வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் இருந்தன. ரொட்டிக்காரர் பிசைந்து வைத்திருந்த மாவில் துண்டுகள் விழுந்து, அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டினார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு கண் போயிற்று.

அடுத்து வந்த நாட்களில் சில்லுவுக்கு மூச்சு விட நேரமில்லை. "அங்க அவங்க வெடிச்சா இங்க உனக்குப் பணமழைடா" என்று ரொட்டிக்காரர் சீண்டினார். சில்லு சிரித்தார். ஆனால் வாத்தியாரின் வகுப்பறைக்குக் கண்ணாடி மாட்டப் போனபோது ஜன்னல் விளிம்பு மரத்தில் காய்ந்த கறை இருந்தது. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. அதன் மேலேயே கண்ணாடி ஒட்டும் பட்டியைப் பூசி, கண்ணாடியை வைத்து அழுத்திவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது.

மனிதர் யோசிக்க ஆரம்பித்தார். வேலைக்குப் போகும் வீடுகளிலெல்லாம் எது உடைந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு எது உடையாமல் இருக்கிறது என்று பார்த்தார். தற்செயலாகத் திறந்து கிடந்த ஜன்னல்கள் தப்பியிருந்தன. மூடியிருந்தவை போயிருந்தன. கண்ணாடியோடு பழகியவருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு வருகிற காற்றுக்கு வழி விட்டால் அது போய்விடும், மறித்தால் உடைக்கும். அடுத்த சோதனை பற்றிய அறிவிப்பு வந்ததும் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னார்: "ஜன்னலை எல்லாம் திறந்து வைங்க. வீட்டுக்குள்ள நிக்காதீங்க."

"தன் வயித்துல தானே அடிச்சுக்கிற வியாபாரியை இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தவர்கள் உண்டு. திறந்து வைத்தவர்களின் கண்ணாடி தப்பியது. சிரித்தவர்கள் மறுநாள் அவர் கடையில் வந்து நின்றார்கள்.

ஆனால் ஒரு முறை, முதல் அதிர்வு போனதும் எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனபோது இரண்டாவதாக ஒன்று வந்தது. எங்கோ மோதித் திரும்பி வந்த அதிர்வு. பள்ளிக்கூடத்தின் புதுக் கண்ணாடி அத்தனையும் மறுபடி கொட்டியது. சில்லு அதைத் தன் தவறாகவே எடுத்துக்கொண்டார். அரைகுறையாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறுத்தல். அடுத்த தடவை முழுதாகச் சொன்னார்: "அவசரப்பட்டு மூடாதீங்க. பொழுது சாயற வரைக்கும் திறந்தே கிடக்கட்டும்."

வேலிப் பக்கத்திலிருந்து அறிவிப்புச் செய்ய வரும் அதிகாரியின் காதுக்கும் இது போயிற்று. அவர் கடைக்கே வந்து விவரம் கேட்டார். சில்லு வேர்த்து விறுவிறுத்து விளக்கினார். அதிகாரி வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நல்ல யோசனைதான். நீங்களே வந்து மைக்குல சொல்லிடுங்களேன். உங்க குரல்னா ஜனங்க கேப்பாங்க" என்றார்.

அப்படித்தான் அவர் அந்தப் பச்சை வண்டியில் ஏறினார். தலைக்குமேல் ஒலிபெருக்கி. கையில் மைக். தெருவில் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். வண்டிக்குள் ஏறியதும் அவர் கண் கண்ணாடி மீதுதான் போயிற்று. கதவுக் கண்ணாடியைச் சுற்றி மெத்தென்ற கறுப்பு ரப்பர் பட்டை. ஏற்றிவிட்டால் ஒரு மயிரிழைகூட நுழையாது. என்ன நேர்த்தி என்று வியந்து, விரலால் தடவிப் பார்த்தார். அறிவிப்பு முடிந்து அவரை இறக்கிவிட்டதும் அதிகாரி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, ஊரில் நிற்காமல் போய்விட்டார். அதையும் சில்லு கவனித்தார். கவனித்தது வேறு, புரிந்துகொண்டது வேறு. இரண்டுக்கும் நடுவே அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

"வீட்டுல வாயே திறக்காத மனுஷன். கையில மைக்கைக் குடுத்ததும் ஊரையே திறக்கச் சொல்றாரு" என்று மனைவி அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சிரித்தாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

சோதனை நாளுக்குத் 'திறப்பு நாள்' என்றே பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் கிடையாது. காலையில் எல்லா வீட்டு ஜன்னல்களும் அகலத் திறந்துகொள்ளும். சத்தம் வந்து போனபின் மத்தியானத்துக்குமேல் காற்று திசை மாறினால் மெல்லிய தூசி வந்து படியும். சாம்பல் நிறம், சலித்த மாவுபோல. "பாரு, என் கடையில இருந்து திருடிட்டுப் போறாங்க" என்பார் ரொட்டிக்காரர். சில்லுவின் ஒரே மகளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அவளுடைய சின்னக் கட்டில் அந்தப் பெரிய ஜன்னலுக்கு அடியில் இருந்தது. வெளிச்சமான இடத்தில் பிள்ளை தூங்கட்டும் என்று அவரேதான் நகர்த்திப் போட்டார். திறப்பு நாளில் அவள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, ஜன்னல் விளிம்பில் படிந்த தூசியில் விரலால் வீடு வரைவாள். பெரிய ஜன்னல் மட்டும் இருக்கும், கதவு இருக்காது.

"கதவு இல்லாம எப்படிடி உள்ள போறது?"

"ஜன்னல் வழியா வாப்பா."

விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த வீட்டை வரைவாள். பொழுது சாய்ந்ததும் அவர் ஜன்னலைச் சாத்துவார். மனைவி ஈரத்துணியோடு வந்து திட்டிக்கொண்டே விளிம்பைத் துடைப்பாள்.

பிறகு சோதனைகள் நிலத்துக்கு அடியில் போயின. அதன்பின் ஒருநாள் நின்றேவிட்டன. வேலி மட்டும் துருப்பிடித்து நின்றது. அதற்குள் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி எழும்பி, குரலைத் தின்று, அவளையும் தின்றுவிட்டது. கடைசியில் அவளால் பேச முடியவில்லை. ஏதாவது வேண்டுமானால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். வாய் ஓயாத மனுஷி. ரொட்டிக்காரரின் மனைவியும் போனாள். வாத்தியாருக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் நிலைக்கவில்லை. ஊரின் தலையெழுத்து என்றார்கள். தண்ணீர் சரியில்லை என்றார்கள்.

வெளியூரிலிருந்து மருத்துவர்கள் வந்தது அதற்குப் பிறகு. வீடு வீடாகப் போனார்கள். அவர் வீட்டுக்கு வந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண் மருத்துவர். கையில் இருந்த சின்னக் கருவியைச் சுவரில், தரையில், கட்டிலில் காட்டினார். சும்மா இருந்தது. ஜன்னல் சட்டத்தில், பழைய பட்டி வெடித்த இடுக்கில் காட்டியதும் டிக் டிக்கென்று படபடத்தது. "சோதனை அன்னைக்கு எல்லாம் நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

சில்லு சொன்னார். மறைக்க என்ன இருக்கிறது? தானே கண்டுபிடித்த விதம், தப்பிய கண்ணாடிகள், திரும்பி வந்த அதிர்வு என்று ஒன்று விடாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"பொழுது சாயற வரைக்கும் திறந்து வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல், தன் கையிலிருந்த கருவியை நிறுத்தினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். கண்ணாடியை உடைக்கிறது முதலில் வந்துவிட்டுப் போய்விடும். மனுஷனை உடைக்கிறது பின்னால், சத்தமில்லாமல், காற்றில் மிதந்து வரும். அந்த நேரத்தில்தான் ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும்.

"உங்க தப்பு இல்லைங்க ஐயா. உலகத்துல எங்கெங்கயோ ரெண்டாயிரத்துக்கு மேல அணுகுண்டு வெடிச்சுப் பாத்திருக்காங்க. பாலைவனத்துல, கடல்ல. ஒரு தீவுல வானத்துல இருந்து வெள்ளையா பொடி கொட்டுச்சு. பிள்ளைங்க அள்ளி அள்ளி விளையாடிச்சுங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு யார் சொன்னா? தெரிஞ்சவங்க சொல்லலை. அதான்."

தெரிந்தவர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் விரல் நுனிக்கு அதிகாரி வண்டியின் அந்தக் கறுப்பு ரப்பர் நினைவு வந்தது. மெத்தென்று, மயிரிழை நுழையாமல். அவர் ஒரு முழு நாள் கடையைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து தன் வீட்டு ஜன்னல்களை அடைக்கத் தொடங்கினார். கீல்களுக்கு ஆணி அடித்தார். இடுக்குகளில் எல்லாம் பட்டி திணித்து, மேலே சாயம் பூசினார். பாப்பா அப்போது தபால் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முத்திரை குத்திக் கறுத்த விரல்களோடு மாலை வீடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "வீட்டுக்குள்ளதான் வந்தேனா, மீன் தொட்டிக்குள்ள வந்துட்டேனா?" என்றாள். அவர் பட்டியை அழுத்திக்கொண்டிருந்தார். எதற்காக அடைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அடைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இருவருக்குமே தெரியும். சில காரியங்களை மனிதன் பயனுக்காகச் செய்வதில்லை.

ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வழியில் மறித்து யாராவது சட்டையைப் பிடிப்பார்கள், உன் பேச்சைக் கேட்டுத்தானே திறந்தோம் என்று கத்துவார்கள் என்று எதிர்பார்த்தே நடந்தார். வாத்தியார் எப்போதும்போல் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். ரொட்டிக்காரர் எப்போதும்போல் கருகிய ரொட்டியை, "உன் முகம் மாதிரி இருந்துச்சு, உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்று நீட்டினார். அந்த ஊரார் நல்லவர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் பேசாமல் இருந்தது கருணையா, களைப்பா, அல்லது கேட்டுப் பழகாத பழக்கம்தானா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

கடைசியில் பாப்பாவுக்கு வந்தது. ரத்தத்தில் வந்தது. தபால் நிலைய மேசையில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். ஒரு கட்டத்துக்குமேல் மருத்துவமனை, "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்றது. அப்படியென்றால் என்ன என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய ஜன்னல் அறையில் கட்டிலைப் போட்டார். அவள் மெலிந்து, தலைமுடி கொட்டி, சின்ன வயசுப் பாப்பா மாதிரியே ஆகிவிட்டாள். வெயில் காலம். அடைத்த அறையில் மருந்து வாசனை தேங்கி நின்றது. மின்விசிறி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விட்டது.

"அப்பா, ஜன்னலைத் திற."

"இன்னொரு விசிறி வாங்கிட்டு வரேன்மா."

"விசிறி வேணாம். வெளிக்காத்து வேணும்."

"வெளிய தூசிம்மா."

"இனிமே தூசி வந்து என்னை என்னப்பா பண்ணும்?" என்றாள். அவர் எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டார்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். அவர் ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தார், தலையணையை மாற்றினார், பேச்சை மாற்றினார். அந்த ஜன்னல் பக்கம் மட்டும் கை போகவில்லை. ஒருநாள் பகலில் அவள் கண்ணை மூடியபடியே பேசினாள். கோபமில்லை. முத்திரை குத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அப்ப நீ சொன்னே. ஊரே திறந்துச்சு. நானும் இந்த ஜன்னலுக்குக் கீழதான் படுத்திருந்தேன்."

இத்தனை காலமாக யார் வாயிலிருந்தாவது வரும் என்று அவர் காத்திருந்த வார்த்தை. அது இவள் வாயிலிருந்து வரும் என்றுதான் பயந்திருந்தார்.

"யாரும் உன்னை ஏன்னு கேக்கலை. நம்பினாங்க. திறந்தாங்க." கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "இப்ப நான் சொல்றேன். நீ திற."

அவர் கடைக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு ஒன்றாகியிருந்தன. பட்டி கல்லாகியிருந்தது. அவரே பூசியது, அவ்வளவு ஒழுங்காகப் பூசியது. சுரண்டினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. சட்டம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. பாப்பா வாய் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

உளியைக் கீழே வைத்தார். கம்பளியை எடுத்து மகளின் முகமும் மூடும்படி போர்த்தினார். ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். கல்யாணத்துக்கு வைத்த கண்ணாடி. எல்லாச் சோதனைக்கும் தப்பிய கண்ணாடி. அதில் அவர் முகமும் அதற்குப் பின்னால் வெட்டவெளியும் தெரிந்தன. சுத்தியலை ஓங்கி அடித்தார்.

அந்தச் சத்தம் தெருவில் உள்ளவர்களுக்கு மறந்துபோன சத்தம் இல்லை. ரொட்டிக்காரர் மாவுக் கையோடு, வயசை மறந்து ஓடிவந்தார். எதிர்வீடுகளில் கதவுகள் திறந்தன.

"டேய் சில்லு! என்னடா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டானுங்களா?"

கண்ணாடி உடைந்த சட்டத்தின் நடுவில் நின்றபடி அவர் சொன்னார்.

"இல்லடா. நான்தான்."

ரொட்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னலடியில் சிதறிய துண்டுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். காற்று உள்ளே வந்தது. கம்பளியை விலக்கிய பாப்பா மூக்கை உயர்த்தினாள்.

"மாவு மாமா, ரொட்டி கருகுது" என்றாள்.

"ஐயையோ" என்று அவர் ஓடினார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. ஆனால் சிரித்தாள்.

வெயில் காலம் முடியும் முன்பே அவள் போய்விட்டாள். ஒரு மத்தியானத் தூக்கத்தில், அந்த ஜன்னலுக்கு அடியில்.

சில்லு இன்னும் கண்ணாடி வெட்டுகிறார். கூப்பிட்டால் போய் மாட்டித் தருகிறார். தன் வீட்டுப் பெரிய ஜன்னலுக்கு மட்டும் கண்ணாடி போடவில்லை. கடையில் அந்த அளவுக்குத் தகடு இருக்கிறதே என்று ரொட்டிக்காரர் ஒரே ஒரு தடவை சொன்னார், பிறகு விட்டுவிட்டார். வெட்டவெளியிலிருந்து தூசி வந்து விளிம்பில் படிகிறது. தினமும் ஈரத்துணியால் துடைக்கிறார். அது வெறும் தூசிதானா என்று கேட்டுச் சொல்ல அவரிடம் கருவி எதுவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து வந்து, சாத்துவதற்காகக் கையை நீட்டுகிறார். சாத்த அங்கே ஒன்றும் இல்லை.